சார்ஜ் ஏறாத பைக்: ரெகுலேட்டரைக் குற்றம் சொல்வதற்கு முன்னால்

தொழில் பழக வரும் பையன்கள் எல்லாரும் சார்ஜிங் வேலையை ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கிறார்கள். பேட்டரி இறங்குகிறதா, புது பேட்டரி. அதுவும் இறங்குகிறதா, ரெகுலேட்டர். அப்புறமும் இறங்கினால் மேக்னெட் கவரைக் கழற்றிக் காயிலை மாற்றுவது. எங்கள் காலத்திலும் இப்படித்தான் பழகினோம். ஆனால் அப்போது வண்டியில் இருந்தது நாலு ஒயர். இப்போது ஒவ்வொரு ஊகத்துக்கும் கஸ்டமர் ஆயிரக்கணக்கில் கொடுக்க வேண்டியிருக்கிறது.

டெர்மினல் லூஸ், ஃப்யூஸ் போயிருப்பது, பேட்டரிக்கு வயதாகிவிட்டது போன்றவற்றை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கண்ணெதிரே இருந்தும் தப்பிப்போகிற சிலவற்றை மட்டும் எழுதுகிறேன்.

அதற்கு முன் அளவுகள். இன்ஜின் சுற்றும்போது மேக்னெட்டுக்குள் இருக்கும் காயில் ஏ.சி. மின்சாரம் தருகிறது. ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர், அதாவது பட்டறையில் நாம் சொல்லும் ஆர்.ஆர். யூனிட், அதை டி.சி.யாக மாற்றி, வோல்டேஜையும் அளவோடு நிறுத்திப் பேட்டரிக்கு அனுப்புகிறது. முழு சார்ஜ் ஏறி, சில மணி நேரம் சும்மா கிடந்த 12 வோல்ட் பேட்டரி 12.6 முதல் 12.8 வரை காட்டும். 5000 ஆர்பிஎம் பக்கம் முறுக்கினால் பேட்டரி முனையில் 13.5க்கும் 14.8க்கும் நடுவே நிற்க வேண்டும். வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறும், கம்பெனி மேனுவலைப் பாருங்கள்.

செத்த பேட்டரியோடு சோதனை

11 வோல்ட்டில் கிடக்கும் பேட்டரியை வைத்து வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்து, முறுக்கிப் பார்த்து, "12.7தான் வருது, காயில் போச்சு" என்கிறார்கள். அந்தப் பேட்டரி வருகிற கரன்ட்டையெல்லாம் விழுங்கிக்கொண்டு வோல்டேஜைக் கீழே இழுக்கிறது. காயில் பாவம் என்ன செய்யும்? முதலில் பேட்டரியைக் கழற்றிச் சார்ஜரில் போடுங்கள். இல்லையென்றால் நன்றாக இருக்கிற வேறு பேட்டரியை மாட்டுங்கள். அதன் பிறகு அளந்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம் உண்டு.

மீட்டர் 'பீப்' என்றதும் காயிலை மாற்றுவது

மூன்று மஞ்சள் ஒயர் வருகிற காயிலில், எந்த ஒயருக்கும் இன்ஜின் பாடிக்கும் நடுவே தொடர்பு இருக்கக் கூடாது. மீட்டர் சத்தம் போட்டால் காயில் எர்த் ஆகிவிட்டது, அதாவது பாடியோடு ஒட்டிவிட்டது, மாற்ற வேண்டியதுதான். இதைப் படித்த பையன் அடுத்த நாள் பழைய 100 சிசி வண்டியில் வெள்ளை ஒயருக்கும் பாடிக்கும் மீட்டரை வைக்கிறான். பீப். நல்ல காயில் குப்பைக்குப் போகிறது.

ஹோண்டா வழியில் வந்த பல சின்ன வண்டிகளில் காயிலின் ஒரு முனையே எர்த்தில்தான் இருக்கும். பச்சை எர்த், வெள்ளை சார்ஜிங், மஞ்சள் லைட்டிங். அங்கே பாடிக்குத் தொடர்பு காட்டுவதுதான் சரி, காட்டாவிட்டால்தான் காயில் அறுந்திருக்கிறது. முதலில் எந்த வகைக் காயில் என்று பாருங்கள். இன்னொன்று, இந்தக் காயில்களின் ஓம்ஸ் மிகவும் குறைவு, பெரும்பாலும் ஒரு ஓமுக்குள். மலிவு மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டாலே 0.3 காட்டும். அதைக் கழிக்காமல் முடிவு சொல்லாதீர்கள்.

கருகிய கப்ளரில் புது ஆர்.ஆர். மாட்டுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும்.

எங்களுடையது தூத்துக்குடி. கடல் காற்றும் உப்பளக் காற்றும் சேர்ந்து ஒயரிங்கைத் தின்கிற ஊர். உப்பளத்துக்குத் தினமும் போய்வருகிற ஒருவர் தன் 200 சிசி வண்டியைக் கொண்டுவந்தார். வேறொரு பட்டறையில் ஆர்.ஆர். மாற்றியிருக்கிறார்கள். சில வாரத்தில் அது போய்விட்டது. மறுபடி மாற்றியிருக்கிறார்கள், அப்போதும் சார்ஜ் ஏறாததால் காயிலைப் புதிதாகப் போட்டிருக்கிறார்கள். அதற்குள் பேட்டரியும் கெட்டுவிட்டது. ஒரு பழைய ஸ்கூட்டரே வாங்கிவிடலாம், அவ்வளவு செலவு.

சைடு பேனலைக் கழற்றினேன். காயிலிலிருந்து ஆர்.ஆர்.க்குப் போகும் மூன்று பின் கப்ளரில், அதாவது ஒயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் சொருகியில், ஒரு மூலை பழுப்பேறி உருகியிருந்தது. உள்ளே ஒரு டெர்மினல் முழுக்கப் பச்சைக் களிம்பு. என்னோடு நின்ற பையன் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, சத்தம் வருதே, ஒயர்ல குறை ஒண்ணும் இல்ல" என்றான். இங்கேதான் எல்லாரும் ஏமாறுகிறார்கள்.

மீட்டர் கன்டினியூட்டி, அதாவது தொடர்பு இருக்கிறதா என்று, பார்க்க அனுப்புவது மிகச் சொற்பமான கரன்ட். பத்து இழையில் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தாலும் அது பீப் அடிக்கும். ஆனால் வண்டி ஓடும்போது அந்த ஒயரில் போவது 15 ஆம்ப் என்று வைத்துக்கொள்ளுங்கள். களிம்பு பிடித்த இணைப்பில் 0.1 ஓம் தடை இருந்தாலே போதும். 15 ஆம்ப்பை 0.1 ஓமால் பெருக்கினால் 1.5 வோல்ட் அங்கேயே போகிறது. சூடாகக் கணக்குப் பார்த்தால் 22.5 வாட். நாம் ஈயம் வைக்கிற சால்டரிங் அயர்ன் 25 வாட். அதை ஒரு சின்னப் பிளாஸ்டிக் கப்ளருக்குள் செருகிவிட்டு வண்டி ஓட்டுவது போலத்தான் இது. சூட்டில் டெர்மினலின் பிடி தளரும், பிடி தளர்ந்தால் தடை கூடும், தடை கூடினால் இன்னும் சூடு. கடைசியில் மூன்று ஃபேஸில் ஒன்று அறுந்து, மீதி இரண்டு ஒயரிலேயே வண்டி ஓடும். பேட்டரி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும்.

இந்த நிலையில் புது ஆர்.ஆர். வாங்கி அதே கருகிய கப்ளரில் செருகினால் என்ன ஆகும்? புதுப் பின்னும் அதே டெர்மினலைத்தான் தொடுகிறது. அதுவும் கருகும். அந்தச் சூடு பின் வழியே யூனிட்டுக்குள்ளும் ஏறும். "டூப்ளிகேட் அயிட்டம், அதான் போச்சு" என்று கடைக்காரரைத் திட்டுவார்கள்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? வண்டியை ஸ்டார்ட் செய்து, ஹெட்லைட்டைப் போட்டு, 4000–5000 ஆர்பிஎம்மில் நிறுத்துங்கள். மீட்டரை டி.சி. வோல்ட்டில் வையுங்கள். சிவப்பு முனையை ஆர்.ஆர். கப்ளரின் பின்பக்கம், பாசிட்டிவ் ஒயரில் குத்துங்கள். கறுப்பு முனையைப் பேட்டரி பாசிட்டிவில். ஆமாம், இரண்டும் பாசிட்டிவ்தான். 0.2, 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் வழி சுத்தம். அரை வோல்ட்டைத் தாண்டினால் நடுவில் எங்கேயோ அடைப்பு. இதே மாதிரி ஆர்.ஆர். எர்த் ஒயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் பாருங்கள். மஞ்சள் ஒயர்களுக்கு மீட்டரை ஏ.சி.க்கு மாற்றி, ஒரே ஒயரில் கப்ளருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வையுங்கள். கிட்டத்தட்டப் பூஜ்யம் வர வேண்டும்.

உப்பளக்காரர் வண்டியில் ஆர்.ஆர். முனையில் 14.4, பேட்டரியில் 12.9. மஞ்சள் ஒயர் மட்டுமல்ல, பாசிட்டிவ் கப்ளரும் களிம்பேறிக் கிடந்தது. வேலை அங்கே இருக்க, எல்லாரும் பாகத்தை மாற்றிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

சரிசெய்வதிலும் ஒரு தவறு நடக்கும். கப்ளரை வெட்டிவிட்டு, ஒயரை முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றிவிடுவார்கள். இன்ஜின் சூட்டில் டேப்பின் பசை இளகி வழிந்து, இரண்டு மழைக்குள் பழையபடி ஆகிவிடும். ஒயரின் தோலைச் சீவிப் பாருங்கள். செம்பு கறுத்திருந்தால் பளபளவென்று வரும்வரை பின்னால் வெட்டிக்கொண்டே போங்கள். கறுத்த செம்பில் ஈயம் ஒட்டாது. கிரிம்ப் செய்து, அதாவது டெர்மினலை ஒயரில் அழுத்தி இறுக்கி, ஈயம் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுங்கள். மூன்று மஞ்சளையும் கப்ளரே இல்லாமல் நேரடியாக இணைத்துவிடலாம், எது எதோடு சேர்ந்தாலும் பாதகமில்லை. கப்ளர்தான் வேண்டும் என்றால் ரப்பர் சீல் உள்ள, அந்த ஆம்ப் தாங்கும் கப்ளராகப் பார்த்து வாங்குங்கள். கடற்கரை ஊர்க்காரர்கள் உள்ளே ஈரம் புகாமல் காக்கும் டைஎலக்ட்ரிக் கிரீஸ் வைக்க மறக்கக் கூடாது.

அவருக்கு நான் எந்தப் பாகமும் மாற்றவில்லை. சார்ஜ் ஏறாமல் கெட்ட பேட்டரியைத் தவிர.

15 வோல்ட்டைத் தாண்டினால் ஆர்.ஆர்.தான் என்று அடித்துச் சொல்வது

பெரும்பாலும் ஆர்.ஆர்.தான், மறுக்கவில்லை. ஆனால் சில வண்டிகளில் பேட்டரி வோல்டேஜைக் கவனிக்க ஆர்.ஆர்.க்குத் தனியாக ஒரு ஒயர், சாவி சுவிட்ச் வழியாக வரும். சுவிட்ச் உள்ளே தேய்ந்தோ களிம்பேறியோ இருந்தால் ஆர்.ஆர்.க்குப் போய்ச் சேரும் எண் குறைந்துவிடும். பேட்டரி 14.5ல் இருக்க, அதற்கு 13.5 என்று தெரியும். இன்னும் வேண்டும் போல என்று தள்ளிக்கொண்டே இருக்கும். அந்த ஒயரையும் பேட்டரி பாசிட்டிவையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

ஓடும் இன்ஜினில் பேட்டரி ஒயரைக் கழற்றிப் பார்ப்பது

செய்யாதீர்கள். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற புகை விதி வந்தபின் பெரும்பாலான வண்டிகளில் பியூயல் இன்ஜெக்ஷன். பேட்டரி இல்லாமல் எகிறும் வோல்டேஜில் இ.சி.யூ., அதாவது இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர், போனால் மெக்கானிக்கின் மாதச் சம்பளம் பத்தாது.

ஹெட்லைட்டை அணைத்துக் காயிலுக்கு ஓய்வு கொடுப்பது

2017 ஏப்ரலிலிருந்து வந்த வண்டிகளில் இன்ஜின் ஓடினாலே ஹெட்லைட் எரியும், அதைக் கத்தரித்து சுவிட்ச் வைத்துத் தரச் சொல்லி வருகிறார்கள். பரவலாக இருக்கும் ஷன்ட் வகை ஆர்.ஆர்., மிச்சக் கரன்ட்டை எர்த்துக்கே திருப்பிவிடுகிறது. நீங்கள் லைட்டை அணைத்தாலும் காயில் உழைப்பது குறையாது.

ஃப்யூஸ் ஆம்ப்பைக் கூட்டுவது

ஃப்யூஸ் போகாது. ஒயர் போகும்.

ஆறிய வண்டியை மட்டும் அளப்பது

காலையில் வந்த வண்டியை ஸ்டாண்டில் போட்டு அளந்தால் எல்லாம் சரியாக இருக்கும். கஸ்டமரோ, "அரை மணி நேரம் ஓட்டினாத்தான் அண்ணாச்சி பிரச்சினை" என்பார். அவரை நம்புங்கள். காயிலின் எனாமல் பூச்சு விட்டுப்போயிருந்தால், சூட்டில் விரியும்போதுதான் சுற்று சுற்றோடு ஒட்டும். நன்றாக ஓட்டிச் சூடேற்றி வந்து, உடனே காயில் கப்ளரைக் கழற்றி, மூன்று மஞ்சளையும் இரண்டிரண்டாக ஏ.சி. வோல்ட்டில் பாருங்கள். 5000 ஆர்பிஎம்மில் பல வண்டிகளில் 50 வோல்ட்டுக்கு மேலே வரும். எண் எவ்வளவு என்பதைவிட மூன்று ஜோடியும் ஒன்றுபோல் இருக்கிறதா என்பதுதான் முக்கியம். ஒன்று மட்டும் பாதியாக விழுந்தால் காயில்தான். ஆயிலில் நனைந்த காயில் உள்ள வண்டி என்றால் டிப் ஸ்டிக்கை மோந்து பாருங்கள், கருகிய வாடை சில சமயம் மீட்டருக்கு முன்பே சொல்லிவிடும். கவரைத் திறக்கும் முன் புது கேஸ்கெட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பழையது முழுசாக வராது.