ஆட்டிசம் பரிசோதனைக்குப் போகும் பெண்கள் கையில் எடுத்துப்போக வேண்டியவை

"நல்லாத்தானே பேசுறீங்க, வேலைக்கும் போறீங்க, உங்களுக்கா ஆட்டிசம்?" என்று பத்தே நிமிடத்தில் திருப்பி அனுப்பப்படும் பெண்கள் ஏராளம். சிறு வயதிலிருந்தே மற்றவர்களைப் பார்த்துப் பார்த்து நடந்துகொள்ளப் பழகியிருப்பார்கள். மருத்துவர் கண்ணில் படுவது அந்தப் பழக்கம்தான். அதற்காக உடம்பும் மனமும் படும் பாடு ஆலோசனை அறைக்குள் தெரியாது. அதைத் தாளில் எழுதிக்கொண்டு போக வேண்டும்.

நேரம் வாங்கும் முன் தொலைபேசியில் ஒன்று கேளுங்கள்: "வயது வந்த பெண்களுக்கு ஆட்டிசம் பார்த்த அனுபவம் இருக்கிறதா?" குழந்தைகளை மட்டுமே பார்க்கும் மையங்கள் நிறைய. மனநல மருத்துவர் அல்லது ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு பெற்ற கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் வேண்டும்.

பிறகு இரண்டு வாரம் குறிப்பு எழுதுங்கள். மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் நோயறிதல் கையேடான டி.எஸ்.எம்.-5 (2013) தரும் வரையறைப்படி, பேச்சுக்குப் பேச்சு ஈடுகொடுப்பது, முகபாவம்-சைகை, உறவுகளைப் பேணுவது ஆகிய மூன்றிலும் சிரமம் இருக்க வேண்டும். கூடவே, திரும்பத் திரும்பச் செய்யும் அசைவுகள், மாறாத ஒழுங்கு, அளவு கடந்த ஈடுபாடு, ஒலி-ஒளி-தொடுகை உறுத்துவது (அல்லது உறைக்காமலே போவது) ஆகிய நான்கில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். ஒவ்வொரு குறிப்பிலும் என்ன நடந்தது, எப்படிச் சமாளித்தீர்கள், பிறகு என்ன ஆனது என்ற மூன்றும் வரட்டும். "கூட்டம் பிடிக்காது" என்றால் போதாது. இப்படி எழுதுங்கள்:

"சனிக்கிழமை வளைகாப்பு, இரண்டு மணி நேரம். யாரிடம் என்ன பேசுவது என்று முதல் நாளே ஒத்திகை பார்த்தேன். கண்ணைப் பார்க்க முடியாமல் எதிரில் இருந்தவரின் பொட்டைப் பார்த்துப் பேசினேன். வீட்டுக்கு வந்து விளக்கை அணைத்துப் படுத்தேன். ஞாயிறு மாலை வரை வாயிலிருந்து பேச்சே வரவில்லை."

கடைசி வரிதான் முக்கியம். பெரும்பாலானோர் விட்டுவிடுவதும் அதைத்தான்.

குழந்தைப் பருவத்திலும் அறிகுறி இருந்ததா என்று கட்டாயம் கேட்பார்கள். இங்கேதான் பலருக்குக் காரியம் கெடுகிறது. அம்மாவிடம் பொதுவாகக் கேட்டால், "தங்கமான பிள்ளை, இருக்கிற இடமே தெரியாது" என்பார். அந்த அமைதியே ஒரு தடயமாக இருக்கலாம். குறிப்பாகக் கேளுங்கள்: பட்டுப்பாவாடை குத்துகிறது என்று அழுதேனா? மிக்ஸி ஓடினால் காதைப் பொத்தினேனா? தட்டில் குழம்பும் பொரியலும் ஒட்டினால் எழுந்துவிடுவேனா? விருந்தாளி வந்தால் எங்கே இருப்பேன்? அம்மா இல்லையென்றால் அக்காவோ அத்தையோ சொல்லலாம். பழைய ரேங்க் கார்டில் ஆசிரியர் எழுதிய வரிகளும் உதவும். ஈடுபாடு ரயில் அட்டவணையில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு நடிகரோ, தொடர்கதையோ, பூனைகளோ ஆகலாம். எவ்வளவு ஆழமாக மூழ்கினீர்கள் என்பதே கணக்கு.

நீங்களே நிரப்பும் கேள்வித்தாள்களில், ஆட்டிசத் தன்மைகளை அளக்கும் ஏ.க்யூ. 50 கேள்வி, மறைத்துப் பழகியதை அளக்கும் கேட்-க்யூ 25 கேள்வி. போட்டுப் பார்த்து எடுத்துப்போகலாம். ஆனால் கடும் பதற்றம் இருந்தாலும் மதிப்பெண் ஏறும். அது மட்டுமே முடிவாகாது.

பரிசோதனை அன்றைக்குக் கொடுக்கும் குறிப்பை இரண்டு பக்கத்துக்கு மேல் நீட்ட வேண்டாம். காதடைப்பான் தேவைப்பட்டால் போட்டுக்கொள்ளுங்கள், கை ஆடினால் ஆடட்டும். ஏற்கெனவே மனச்சோர்வு, ஆளுமைக் கோளாறு என்று எழுதப்பட்டிருந்தால் அந்தச் சீட்டுகளையும் காட்டுங்கள். சாப்பிடும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஏ.டி.எச்.டி.யையும் (கவனக்குறைவு, மிகை இயக்கக் குறைபாடு) சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள், இரண்டும் ஒன்றாக வருவது சகஜம்.

அரசுச் சான்றிதழ் தனிப் பாதை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் உண்டு. ஆனால் சான்றிதழுக்காக ஆட்டிசத்தை மதிப்பிடும் இந்திய அளவுகோலான, 40 கேள்விகள் கொண்ட ஐ.எஸ்.ஏ.ஏ.வில் மதிப்பெண் 70-க்குக் கீழே வந்தால் ஆட்டிசம் இல்லை என்றே கொள்வார்கள். அது வெளியே தெரியும் நடத்தையை அளப்பது. மறைத்துப் பழகியவர்களுக்கு எண் குறையலாம். அதனால் உங்கள் மருத்துவர் எழுதியது ரத்தாகிவிடாது. அந்த அறிக்கையிலேயே அலுவலகத்தில் தேவையானவற்றையும் எழுதித் தரக் கேளுங்கள்: சத்தமில்லாத இருக்கை, ஹெட்போனுக்கு அனுமதி, வாய்மொழிக்குப் பதில் மின்னஞ்சலில் வேலை விவரம்.