வெளிநாட்டுக்கு மாணவரை அனுப்பும் முன்: கறுப்பினக் கல்லூரிகளில் திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகள்

ஆகஸ்ட் பிறந்தால் அமெரிக்கத் தென்மாநிலங்களில் இருக்கும் கறுப்பினக் கல்லூரிகளின் மொழித்துறைக்கும் வெளிநாட்டுப் படிப்பு அலுவலகத்துக்கும் புதுமுகங்கள் வந்து சேர்வார்கள். அவர்களில் இந்தியர்கள் உண்டு, தமிழர்களும் உண்டு. கெட்டிக்காரர்கள், ஆர்வத்துக்கும் குறைவில்லை. ஆனால் நாங்கள் தொடக்கத்தில் எங்கே விழுந்தோமோ அங்கேயே வரிசையாக விழுகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஹிஸ்டாரிக்கலி பிளாக் காலேஜஸ் அண்ட் யுனிவர்சிட்டீஸ் என்ற பெயரை இங்கே எச்.பி.சி.யூ. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். 1964-க்கு முன், கறுப்பின மக்களின் கல்வியையே முதன்மை நோக்கமாகக் கொண்டு தொடங்கப்பட்ட கல்லூரிகள் என்று 1965-ஆம் ஆண்டு உயர்கல்விச் சட்டம் இவற்றை வரையறுக்கிறது. நாடு முழுக்க ஏறக்குறைய நூறு இருக்கின்றன. வாஷிங்டனில் ஹோவர்ட், அட்லாண்டாவில் ஸ்பெல்மன், மோர்ஹவுஸ், கிரீன்ஸ்பரோவில் வட கரோலைனா ஏ அண்ட் டி என்று சில பெயர்கள் காதில் விழுந்திருக்கும். மாணவர்களில் பாதிக்கும் மேல் பெல் கிராண்ட் என்ற மத்திய அரசு உதவித்தொகையை நம்பிப் படிப்பவர்கள். கீழே சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது இதுதான்.

பாஸ்போர்ட் காலாவதி, மருத்துவக் காப்பீடு, விசாவுக்குத் தாமதம் எல்லாவற்றையும் விட்டுவிடுகிறேன். அவை எந்தக் கையேட்டிலும் கிடைக்கும்.

உலகத்தை நாம்தான் காட்டப்போகிறோம் என்ற நினைப்பு

புதிதாக வந்த ஒருவர் முதல் துறைக்கூட்டத்திலேயே, "இந்தப் பிள்ளைகள் வெளியுலகத்தைப் பார்க்க நாம்தான் வழிசெய்ய வேண்டும்" என்று உருகிப் பேசினார். மூத்தவர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். அப்புறம் அவர் கொண்டுவந்த எந்தத் தாளிலும் யாரும் சீக்கிரம் கையெழுத்துப் போடவில்லை.

அந்த மேசையைச் சுற்றி இருந்தவர்களுக்குத் தங்கள் வரலாறு தெரியும். அடிமையாகப் பிறந்து, வில்பர்ஃபோர்ஸ் என்ற கறுப்பினப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான வில்லியம் சாண்டர்ஸ் ஸ்கார்பரோ 1881-இலேயே கிரேக்க மொழிக்குப் பாடநூல் வெளியிட்டவர். ஃபிஸ்க் என்ற கறுப்பினக் கல்லூரியில் படித்த சிந்தனையாளர் டுபாய்ஸ் 1892-இல் பெர்லினுக்குப் போய்ப் படித்தார். திரும்பி வந்து அதே வில்பர்ஃபோர்ஸில் லத்தீன், கிரேக்கம், ஜெர்மன் மொழிகளைக் கற்பித்தார். ராலே நகரின் செயின்ட் அகஸ்டின்ஸ் கல்லூரியில் படித்த கறுப்பினக் கல்வியாளர் அன்னா ஜூலியா கூப்பர் 1925-இல் பாரிஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கியபோது வயது அறுபதைத் தாண்டியிருந்தது. நைஜீரியாவின் முதல் குடியரசுத் தலைவர் அசிகிவே, கானாவின் முதல் குடியரசுத் தலைவர் இன்க்ருமா இருவரும் பென்சில்வேனியாவில் உள்ள லிங்கன் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள். ஹோவர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இறையியலாளர் ஹோவர்ட் தர்மன் 1935-இல் ஒரு குழுவோடு கொழும்பில் வந்திறங்கி, இலங்கை, இந்தியா, பர்மா எல்லாம் சுற்றி, 1936 தொடக்கத்தில் காந்தியைச் சந்தித்தார். 1950-களில் ஸ்பெல்மன், மோர்ஹவுஸ் மாணவர்கள் சார்லஸ் மெரில் என்ற கொடையாளர் கொடுத்த நிதியில் ஐரோப்பா போய்ப் படித்தார்கள்.

இப்படி இருந்தும், வெளிநாட்டில் படிக்கப் போகும் அமெரிக்க மாணவர்களில் கறுப்பினத்தவர் நூற்றுக்கு 6 பேர் அளவில்தான் இருக்கிறார்கள். ஆசை இல்லாததால் அல்ல. பணமும் கிரெடிட்டும்தான், அதாவது பட்டத்துக்காக ஒவ்வொரு பாடத்துக்கும் கணக்கில் ஏறும் புள்ளிகளும்தான், காலை வாருகின்றன. பணத்தை எல்லோரும் பேசுகிறார்கள். கிரெடிட்டை யாரும் பேசுவதில்லை.

"போயிட்டு வா, கிரெடிட்டை அப்புறம் பார்த்துக்கலாம்"

இந்தத் தவறைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். ஒரு தாளில் தீர்ந்துபோகிற விஷயம் ஒரு பிள்ளையின் ஒரு வருடத்தை விழுங்குகிறது.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். கல்லூரிப் பெயர் வேண்டாம். அக்கவுண்டிங் படித்த பெண், மூன்றாம் வருடம், வீட்டில் முதல் பட்டதாரியாக வரவேண்டியவள். இலையுதிர் பருவத்தில் ஸ்பெயினுக்குப் போனாள். நான்கு பாடங்கள், ஒவ்வொன்றும் 6 ஐரோப்பியக் கிரெடிட். ஐரோப்பாவில் ஒரு வருடத்துக்கு 60 கிரெடிட் என்று கணக்கு. அமெரிக்கக் கல்லூரிகள் பெரும்பாலும் இரண்டுக்கு ஒன்று என்று மாற்றிக்கொள்ளும். அப்படிப் பார்த்தால் 24-க்கு 12. முழுநேர மாணவி என்பதற்குத் தேவையான 12 சரியாக வந்துவிட்டது என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள்.

திரும்பி வந்த பிறகுதான் பிரச்சினை தொடங்கியது. எடுத்த பாடங்களில் ஒன்று வணிகச் சட்டம். ஸ்பெயின் நாட்டுச் சட்டத்தைப் படித்துவிட்டு வந்தால் எங்கள் வணிகச் சட்டப் பாடத்துக்கு ஈடாகாது என்று துறைத்தலைவர் மறுத்துவிட்டார். அவர் சொன்னது நியாயம்தான். இன்னொரு பாடம் அவள் ஏற்கெனவே இங்கே வேறு பெயரில் முடித்தது, அதற்கு இரண்டாவது முறை கிரெடிட் கிடையாது. 12 என்று நினைத்தது 6 ஆனது. அதோடு போகவில்லை. சின்னக் கல்லூரி என்பதால் இன்டர்மீடியட் அக்கவுண்டிங் முதல் பகுதி இலையுதிர் பருவத்தில் மட்டும்தான் நடக்கும். அந்தப் பருவத்தில் அவள் ஊரிலேயே இல்லை. அது இல்லாமல் இரண்டாம் பகுதி எடுக்க முடியாது, இரண்டாம் பகுதி இல்லாமல் ஆடிட்டிங் முடியாது. ஒரு வருடம் தள்ளிப் பட்டம் வாங்கினாள்.

அனுப்பிய ஒருங்கிணைப்பாளர் கெட்டவர் அல்ல. பழைய துறைத்தலைவரிடம் நடைபாதையில் கேட்டிருக்கிறார், அவரும் "சரி, பார்த்துக்கலாம்" என்றிருக்கிறார். கோடை விடுமுறையில் துறைத்தலைவர் மாறிவிட்டார். நடைபாதையில் பேசியது புதியவரை எப்படிக் கட்டுப்படுத்தும்?

இதன் விலை ஒரு வருடத் தாமதத்தோடு நிற்பதில்லை. பெல் கிராண்ட் 2024-25-இல் வருடத்துக்கு அதிகபட்சம் 7,395 டாலர். அதை வாழ்நாளில் 12 முழுநேரப் பருவங்களுக்குச் சமமான அளவுக்குத்தான் வாங்க முடியும். வீணான பருவமும் அந்தக் கணக்கில் ஏறிவிடும். பட்டத்துக்குத் தேவைப்படாத பாடத்தை மத்திய அரசின் உதவித்தொகைக் கணக்கில் சேர்க்கவே கூடாது. அதைக் கழித்து 12-க்குக் கீழே போனால் தொகையும் அந்த விகிதத்தில் குறையும். கல்லூரி தரும் ஸ்காலர்ஷிப்கள் சிலவற்றுக்கு வருடத்துக்கு இத்தனை கிரெடிட் முடித்தாக வேண்டும் என்ற நிபந்தனை தனியாக இருக்கும். வசதியான வீட்டுப் பிள்ளை ஒரு பருவத்தை இழந்தால் அப்பா திட்டுவார், அவ்வளவுதான். பெல் கிராண்ட் வாங்கும் பிள்ளை ஒரு பருவத்தை இழந்தால் படிப்பே நின்றுபோகலாம்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். முன்பணம் கட்டுவதற்கு முன்பே ஒரு படிவம். அதில் அங்கே எடுக்கும் பாடத்தின் பெயர், எண், கிரெடிட், இங்கே அது எந்தப் பாடத்துக்கு ஈடு என்பது பாட எண்ணோடு. வெறுமனே 'எலெக்டிவ்' (விருப்பப் பாடம்) என்று எழுதினால் ஒத்துக்கொள்ளாதீர்கள், அதுதான் பிறகு ஒன்றுக்கும் உதவாமல் நிற்கும். பாடத்திட்ட நகலைப் பின்னால் சேர்க்க வேண்டும். கையெழுத்து மாணவியின் முதன்மைத் துறைத்தலைவரிடமிருந்து வர வேண்டும், மொழித்துறைத் தலைவரின் கையெழுத்து போதாது. அதன் பிறகு மாணவர் பதிவேடுகளைக் கவனிக்கும் ரிஜிஸ்ட்ராரின் கையெழுத்து. நான்கு பாடம் எடுக்கப் போகிறவருக்கு ஆறேழு பாடங்களுக்காவது ஒப்புதல் வாங்கிவையுங்கள், அங்கே போனதும் கால அட்டவணை மோதும். 12-ஐ ஒட்டி நிற்காமல் ஒரு பாடம் கூடுதலாகப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். உதவித்தொகை அலுவலகத்திடமிருந்து நம் கல்லூரிக்கும் அந்த வெளிநாட்டுக் கல்லூரிக்கும் இடையிலான ஒப்பந்தத் தாளையும் வாங்குங்கள். சொந்தக் கல்லூரி கிரெடிட் தருவதாக ஏற்ற வெளிநாட்டுப் படிப்புக்கு மத்திய அரசு உதவித்தொகையைப் பயன்படுத்தலாம் என்பது 1992-இலிருந்தே சட்டம். அது தெரியாமல் "வெளிநாட்டுக்குப் பெல் செல்லாது" என்று திருப்பி அனுப்பும் குமாஸ்தாக்கள் இன்னும் இருக்கிறார்கள்.

கடைசிப் பருவத்தில் அனுப்புவது

அனுப்பாதீர்கள். கடைசி 30 கிரெடிட்டை இங்கேயே முடிக்க வேண்டும் என்ற விதி பல கல்லூரிகளில் உண்டு. ஜெர்மனியில் கோடைப்பருவ வகுப்பே ஜூலை வரை ஓடும், இங்கே பட்டமளிப்பு மே மாதம்.

பணம் எப்போது வரும் என்று பார்க்காதது

எவ்வளவு உதவித்தொகை என்று கணக்குப் போடுகிறவர்கள் எந்தத் தேதியில் கைக்கு வரும் என்று கேட்பதில்லை. மத்திய அரசின் உதவித்தொகையைப் பருவம் தொடங்குவதற்கு 10 நாளுக்கு முன்புதான் தர முடியும். விமானச்சீட்டு, விசாக் கட்டணம், விடுதி முன்பணம் எல்லாம் மாதக்கணக்கில் முன்னதாகவே கேட்கும். முதல் பாஸ்போர்ட்டுக்கே 165 டாலர் ஆகிறது. தாளில் முழுச் செலவும் அடங்கிவிட்ட மாணவர்கூட ஏப்ரலில் கையில் காசில்லாமல் விலகிக்கொள்வார். அலுவலகத்தில் சின்னதாக ஒரு கடன் நிதி இருந்தால் போதும், சீட்டை வாங்கிக் கொடுத்துவிட்டு உதவித்தொகை வந்ததும் பிடித்துக்கொள்ளலாம்.

பெல் வாங்குபவர்களுக்கென்றே இருக்கும் கில்மன் ஸ்காலர்ஷிப் 5,000 டாலர் வரை தருகிறது. அரபி, சுவாஹிலி போன்ற முக்கிய மொழிகளைப் படிப்பவர்களுக்கு இன்னும் 3,000 வரை கிடைக்கலாம். கடைசித் தேதிக்கு முந்தின நாள் கட்டுரை எழுத உட்காரவைக்காதீர்கள்.

மொழிப்பாடத்தைச் சடங்காக நடத்துவது

இரண்டு பருவம், ஆறு கிரெடிட், தேர்ச்சி, மறதி. இப்படி நடத்தினால் நிர்வாகம் ஒருநாள் கணக்கைப் பார்த்துத் துறையை மூடும். கறுப்பினக் கல்லூரிகளில் கிரேக்கம், லத்தீன் போன்ற செவ்வியல் மொழிகளுக்கென்று தனித்துறை வைத்திருந்தது ஹோவர்ட் மட்டும்தான். அந்தத் துறையைக் கலைக்கும் முடிவு 2021-இல் வந்தது, நாடெங்கும் எதிர்ப்புக் கிளம்பியும் நிற்கவில்லை.

மொழியை மாணவரின் முதன்மைப் பாடத்தோடு கட்டிவிடுங்கள். பொதுச் சுகாதாரம் படிப்பவருக்கு செனகல் போகும் வழி பிரெஞ்சு. இசையோ வரலாறோ படிப்பவருக்கு பிரேசிலின் பாஹியா போகும் வழி போர்ச்சுகீஸ். ஹோவர்டில் பிரெஞ்சு கற்பித்த மெர்சர் குக் 1960-களில் நைஜர், செனகல் நாடுகளுக்கு அமெரிக்கத் தூதராகப் போனார். அமெரிக்க வெளியுறவுப் பணிக்கு ஆளெடுக்கும் ரேஞ்சல் திட்டத்தை நடத்திவந்ததே ஹோவர்ட்தான். இதையெல்லாம் முதல் வகுப்பிலேயே சொல்ல வேண்டும், வேலை தேடும் கடைசி வருடத்தில் அல்ல.

பாரிஸ், மாட்ரிட், பாரிஸ், மாட்ரிட்

எப்போதும் இந்த இரண்டு ஊர்களுக்கே அனுப்பாதீர்கள், வரைபடம் பெரியது.

நிறத்தைப் பேசாமல் அனுப்புவது

புறப்படும் முன் நடத்தும் கூட்டத்தில் பிக்பாக்கெட், குடிநீர், மின்பிளக் பற்றியெல்லாம் விரிவாகச் சொல்வார்கள். தெருவில் வெறித்துப் பார்த்தால், கடையில் பின்தொடர்ந்து வந்தால், அனுமதி கேட்காமல் தலைமுடியைத் தொட்டால் என்ன செய்வது, யாரை அழைப்பது என்று சொல்ல மாட்டார்கள். தயக்கம் ஆசிரியருக்குத்தான், மாணவர்களுக்கு இது புதிய பேச்சே அல்ல. ஏற்கெனவே போய்வந்த மாணவரைக் கூப்பிட்டுப் பேசவிடுங்கள், நீங்கள் அறையை விட்டு வெளியே இருங்கள்.

இந்தியாவுக்கு மாணவர்களை அழைத்துப் போகும் நம்மவர்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். 2017 மார்ச்சில் கிரேட்டர் நொய்டாவில் ஆப்பிரிக்க மாணவர்கள் தாக்கப்பட்டதை நாம் மறந்திருக்கலாம். சிவப்பழகு க்ரீம் விளம்பரம் நம் கண்ணுக்குப் பழகிப்போயிருக்கலாம். அவர்கள் இறங்கிய அன்றே கவனிப்பார்கள். "எங்கள் ஊரில் அதெல்லாம் இல்லை" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

பேராசிரியர் சுற்றுலா

உங்கள் தங்கை கல்யாணத் தேதியை வைத்துப் பயணத் திட்டம் போடாதீர்கள்.

வந்திருப்பவரை வீணாக்குவது

ஃபுல்பிரைட் என்ற அமெரிக்க அரசின் கல்விப் பரிமாற்றத் திட்டத்தில் வெளிநாட்டு மொழி உதவி ஆசிரியர்கள் ஒரு கல்வியாண்டுக்கு வருவார்கள். கென்யாவிலிருந்து வருபவர் சுவாஹிலி எடுப்பார், நைஜீரியாவிலிருந்து வருபவர் யோருபா எடுப்பார். சொந்த ஊரில் ஆங்கிலம் கற்பித்துப் பழகிய இளைஞர்கள், வகுப்பை நடத்தத் தெரிந்தவர்கள். அவர்களைக் கலாச்சார விழாவில் உடை காட்டவும் சமைத்துப் போடவும் மட்டும் கூப்பிடுகிறார்கள். கிரெடிட் உள்ள வகுப்பு ஒன்றை அவர் பெயரில் போடுங்கள், வாரத்தில் ஒரு மாலை பேச்சுப் பயிற்சிக்கு ஒதுக்குங்கள். அவரும் பருவத்துக்கு இரண்டு பாடமாவது படிக்க வேண்டியவர், அந்த நேரத்தைத் தின்றுவிடாதீர்கள். வசந்தப் பருவம் முடிந்ததும் ஊருக்குப் போய்விடுவார். அடுத்த வருடம் அந்த வகுப்பை யார் எடுப்பது, சம்பளம் எந்தக் கணக்கிலிருந்து வரும் என்பதை ஜனவரியிலேயே டீனிடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.