அக்ரோமெகலி உள்ளவர்கள் கதிர்வீச்சு சிகிச்சைக்கு ஆயத்தமாவது எப்படி?

மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் தோன்றும், புற்றுநோய் அல்லாத கட்டி ஒன்று வளர்ச்சி ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரப்பதால் பெரியவர்களுக்கு வரும் நோயே அக்ரோமெகலி. ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஏறக்குறைய 3 அல்லது 4 பேருக்கே இது புதிதாகக் கண்டறியப்படுகிறது. மூக்கு வழியாகச் செய்யும் அறுவை சிகிச்சைக்குப் பின்னும் கட்டியின் மிச்சம் இருந்து, ஊசியாலும் மாத்திரையாலும் ஹார்மோன் கட்டுக்குள் வராதபோதுதான் கதிர்வீச்சு பரிந்துரைக்கப்படுகிறது. மருத்துவமனை வளாகங்களில் ‘கரண்ட் வைப்பது’ என்று சொல்லப்படும் அந்தப் பிரிவின் நடைமுறைகள் யாவும் பெரும்பாலும் புற்றுநோயாளிகளை மனத்தில் வைத்தே அமைக்கப்பட்டவை. ஆகவே, ஹார்மோன் தொடர்பான செய்திகளைத் திரட்டி, உரிய நேரத்தில் எடுத்துச் சொல்லும் பொறுப்பில் ஒரு பங்கு நோயாளிக்கும் அவர் வீட்டாருக்கும் வந்து சேர்கிறது.

முதலில் எந்த முறை என்பதைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். நாளொன்றுக்கு 1.8 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) வீதம் வாரத்தில் 5 நாள்கள், மொத்தம் 25 முதல் 28 அமர்வுகளில் 45 முதல் 50.4 கிரே வரை கொடுப்பது ஒரு முறை. காமா நைஃப் போன்ற கருவிகளால் ஒரே நாளில் முழு அளவையும் கட்டியின் மீது குவிப்பது மற்றொரு முறை. ஒரே நாளில் முடிவதையே பலரும் விரும்புவார்கள் என்றாலும், கட்டி பார்வை நரம்புகளை ஒட்டியிருந்தால் அது பாதுகாப்பானதன்று. இரண்டுக்கும் இடையே சில மில்லிமீட்டர் இடைவெளியாவது இருக்க வேண்டும். இம்முடிவுக்கு மெல்லிய வெட்டுகளாக எடுத்த அண்மைய எம்.ஆர்.ஐ. படமே ஆதாரம் என்பதால், அச்சிட்ட ஃபிலிமோடு நில்லாமல் அதன் குறுந்தகட்டையும் கேட்டு வாங்கி வைத்திருப்பது நல்லது.

ஆயத்தத்தில் மிக முக்கியமானதும் பெரும்பாலும் விடுபட்டுப்போவதும் ஹார்மோன் அடிநிலைப் பரிசோதனைதான். கதிர்வீச்சு கட்டியை மட்டுமன்றி, சுற்றியுள்ள நல்ல பிட்யூட்டரி திசுவையும் காலப்போக்கில் தளர்த்துகிறது. பத்து ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஏதேனும் ஒரு ஹார்மோன் குறைகிறது. சிகிச்சைக்கு முன்பு எவ்வளவு இருந்தது என்ற கணக்கு கையில் இல்லாவிட்டால், பின்னால் வரும் குறை புதியதா பழையதா என்று யாராலும் சொல்ல முடியாது. காலை 8 மணி அளவில் எடுத்த கார்ட்டிசால் (உடல் நெருக்கடியைத் தாங்க உதவும் ஹார்மோன்), ஃப்ரீ டி4 (தைராய்டு ஹார்மோன்), ஐ.ஜி.எஃப்.-1 (வளர்ச்சி ஹார்மோனின் அளவைக் காட்டுவது), புரோலாக்டின் (பால் சுரப்புக்கான ஹார்மோன்), எல்.எச்., எஃப்.எஸ்.எச். (இனப்பெருக்கத்துக்கான பிட்யூட்டரி ஹார்மோன்கள்), ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் ஆகியவை அப்பட்டியலில் இருக்க வேண்டும். தைராய்டுக்கு, அதைத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோனான டி.எஸ்.எச். மட்டும் பார்த்துவிட்டு ‘நார்மல்’ என்று திருப்தியடையக் கூடாது. பிட்யூட்டரியே தளர்ந்த நிலையில் அந்த எண் சரியாக இருப்பதுபோலத் தோன்றி ஏமாற்றும். முடி உதிர்வுக்காக பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள், அது சில ஹார்மோன் பரிசோதனைகளின் முடிவைப் பிறழச் செய்யும் என்பதால், எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்று ஆய்வகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். கார்ட்டிசாலுக்கு ஈடாக ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரை எடுப்பவர்கள், எந்த வேளை மாத்திரைக்கு முன் ரத்தம் கொடுப்பது என்று மருத்துவரிடம் கேட்டு, அதன்படியே செய்ய வேண்டும்.

கார்ட்டிசால் குறைவு ஏற்கெனவே உள்ளவர்களுக்கு இன்னொரு பாதுகாப்பும் தேவை. காய்ச்சல் வந்தால் ஹைட்ரோகார்ட்டிசோனை எத்தனை மடங்கு கூட்டுவது, வாந்தியால் மாத்திரை தங்காவிட்டால் 100 மில்லிகிராம் ஊசியை எங்கே போட்டுக்கொள்வது என்பதைத் தங்கள் நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் எழுத்தில் பெற்று, அதன் படியொன்றைக் கதிர்வீச்சுப் பிரிவின் கோப்பிலும் சேர்க்கச் சொல்ல வேண்டும். கார்ட்டிசாலும் தைராய்டும் சேர்ந்து குறைந்திருந்தால் கார்ட்டிசாலைச் சரிசெய்த பிறகே தைராக்ஸின் தொடங்க வேண்டும். வரிசை மாறினால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

அடுத்தது முகமூடி. வெந்நீரில் இளக்கிய வலைபோன்ற பிளாஸ்டிக் தகட்டை முகத்தின் மேல் விரித்து அழுத்துவார்கள். சில நிமிடங்களில் அது இறுகி, தலை அசையாதபடி மேசையோடு பூட்டப்படும். மற்றவர்களுக்குச் சற்றே அசௌகரியமான இந்த ஏற்பாடு, அக்ரோமெகலி உள்ளவருக்கு உண்மையான இடர்ப்பாடாக அமையலாம். நாக்கு தடித்து, தாடை முன்தள்ளி, உறக்கத்தில் மூச்சடைப்பும் உள்ளவர் மல்லாந்து படுத்தாலே நாக்கு தொண்டைப் பக்கம் சரியும். ஆகவே உறக்க மூச்சடைப்பு இருக்கிறதா என்று முன்கூட்டியே பரிசோதித்துக்கொள்வதும், உறக்கத்தில் மூச்சுக்குழாய் அடையாமல் காற்றழுத்தம் தரும் சி-பேப் கருவி பயன்படுத்துவதைத் தொழில்நுட்பரிடம் முதல் நாளே சொல்வதும், முகம் திறந்த வகை முகமூடி கிடைக்குமா என்று கேட்பதும் அவசியம். வீட்டில் தலையணையின்றித் தரையில் பாய் விரித்து, மூக்கால் மூச்சுவிட்டபடி கால் மணி நேரம் அசையாமல் படுத்துப் பார்த்தால், கழுத்தும் முதுகும் எங்கே வலிக்கின்றன, மூச்சு எந்த நிலையில் தடைபடுகிறது என்று தெரிந்துவிடும். அதைச் சொன்னால் முழங்காலுக்கடியில் முட்டு வைப்பது போன்ற மாற்றங்களை அவர்கள் செய்து தருவார்கள்.

முகமூடி செய்த நாளன்று இருந்த முக அளவும் முடியளவும் கடைசி அமர்வு வரை மாறாமலிருக்க வேண்டும். குலதெய்வத்துக்கு மொட்டை நேர்ந்திருந்தால், முகமூடி செய்வதற்கு முன்பே முடித்துவிடலாம் அல்லது சிகிச்சை முழுதும் முடிந்த பின் வைத்துக்கொள்ளலாம். நடுவில் அடித்தால் முகமூடி தளர்ந்து, மறுபடியும் செய்ய நேரிடும். பின்னந்தலையில் கொண்டை தலையைத் தூக்கிவிடுமாதலால் பெண்கள் முடியைத் தாழப் பின்னிக்கொள்ள வேண்டும். அமர்வுக்கு வரும்போது எண்ணெய், பூ, ஊக்கு எதுவும் தலையில் வேண்டாம். தோடும் மூக்குத்தியும் ஸ்கேனுக்கு முன் கழற்றப்பட வேண்டும். இந்நோயில் விரல் தடித்து மோதிரம் இறுகியிருப்பது வழக்கம் என்பதால், எம்.ஆர்.ஐ. அறை வாசலில் சோப்பு போட்டு மல்லுக்கட்டுவதைவிட முந்தைய வாரமே நகைக்கடையில் வெட்டி எடுத்துவிடுவது மேல். இடையில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து கொடுக்கப்பட்டு முகம் உப்பினாலும், புதிய மருந்தால் வீக்கம் வடிந்தாலும், முகமூடி இறுகுவதையோ தளர்வதையோ அன்றே தெரிவிக்க வேண்டும்.

கண் மருத்துவரிடம் பார்வைப் புல அளவீடு (பக்கவாட்டில் எவ்வளவு தெரிகிறது என்ற சோதனை) செய்து அறிக்கையை வைத்துக்கொள்ள வேண்டும். இதயத்துக்கு எக்கோ, பல்லுக்கு ஒரு முறை பார்த்துக்கொள்வது ஆகியவற்றையும் சிகிச்சை தொடங்குமுன் முடித்துவிடலாம்.

சர்க்கரை நோய் இந்நோயோடு சேர்ந்தே வருவதுண்டு. டெக்ஸாமெத்தசோன் அதை மேலும் ஏற்றும் என்பதால் வீட்டிலேயே குளுக்கோமீட்டரில் பார்த்துக் குறித்து வர வேண்டும். ஸ்கேன் படம் தெளிவாகத் தெரிய மருந்து செலுத்துவதற்கு முன், சிறுநீரகம் சரியாக இயங்குகிறதா என்று அறிய ரத்தத்தில் கிரியாட்டினின் பார்ப்பார்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை எடுப்பவர் அதைச் சொல்லி, நிறுத்த வேண்டுமா என்று கேட்க வேண்டும்.

குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் அந்தப் பேச்சைத் தள்ளிப்போடக் கூடாது. எல்.எச்., எஃப்.எஸ்.எச். குறைந்தால் பின்னர் ஊசிகள் மூலம் கருத்தரிக்க வழியுண்டு எனினும், விந்தணுவைச் சேமிப்பது பற்றியோ கருமுட்டை பற்றியோ முன்பே ஆலோசிப்பது எளிது. அக்ரோமெகலியில் பலருக்கு மாதவிலக்கு ஒழுங்கற்றிருப்பதால், தள்ளிப்போவதை வைத்துக் கர்ப்பத்தைக் கணிக்க இயலாது. ஆகவே சிகிச்சைக்கு முன் கர்ப்பப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும். வெட்கப்பட்டுத் தவிர்க்கும் விஷயமன்று.

வளர்ச்சி ஹார்மோனைக் குறைக்கும் ஆக்ட்ரியோடைடு அல்லது லான்ரியோடைடு ஊசியைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டுமா என்பதில் மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்தில்லை. ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போது கதிர்வீச்சின் பலன் குறைவதாகச் சில ஆய்வுகள் கூறின. வேறு சில அதை உறுதிப்படுத்தவில்லை. எனவே தாமாக நிறுத்தாமல், இரு துறை மருத்துவர்களும் பேசி எடுத்த முடிவைச் சீட்டில் எழுதித் தரும்படி கேட்க வேண்டும். சிகிச்சைக் காலத்தில் திடீரெனக் கடும் தலைவலியோடு பார்வை மங்கினாலோ, இரட்டையாகத் தெரிந்தாலோ, மறுநாள் அமர்வு வரை காத்திராமல் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

கடைசி அமர்வோடு மருந்தும் முடிந்துவிடும் என்று எண்ணுவோர் உண்டு. கதிர்வீச்சின் பலன் மெல்ல மெல்லவே தெரியும், ஐ.ஜி.எஃப்.-1 இயல்புக்கு வரச் சிலருக்குச் சில ஆண்டுகளும் சிலருக்குப் பத்தாண்டுகளும் ஆகும். அதுவரை ஊசி தொடர வேண்டும். கதிர்வீச்சு எந்த அளவுக்கு வேலை செய்திருக்கிறது என்று அறிய, மருத்துவர் சொல்லும் இடைவெளியில் ஊசியைச் சில மாதங்கள் நிறுத்தி ரத்தம் பார்ப்பார்கள். ஊசிச் செலவையும் இத்தனை ஆண்டுக்காகக் கணக்கிட்டு, காப்பீட்டில் எது அடங்கும் என்பதைச் சிகிச்சை தொடங்குமுன் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டுவைக்க வேண்டும்.