கேமிங் மானிட்டர் வாங்கிய அன்றே செய்ய வேண்டியவை

போன தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்னால் தம்பி போன் செய்தான். சித்தி மகன். பாலிடெக்னிக் முடித்துவிட்டு திண்டுக்கல்லில் ஒரு நூற்பாலையில் எலக்ட்ரிக்கல் பிரிவில் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகிறது. மாதாமாதம் சம்பளத்தில் எடுத்துவைத்து, 27 அங்குலத்தில், 2560 × 1440 தெளிவில், நொடிக்கு 165 முறை படத்தைப் புதுப்பிக்கும் 165 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஒன்று வாங்கியிருந்தான்.

"அக்கா, படம் பெருசா தெரியுது, அவ்ளோதான். ஆட்டத்துல பழசுக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியலக்கா. ஏமாந்துட்டேனோ?"

அந்தக் குரல் எனக்குத் தாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கரூரில் பஸ் ஏறிவிட்டேன். மானிட்டரில் ஒரு குறையும் இல்லை. கேபிள் மாட்டியிருந்த இடம் தப்பு, கேபிளும் பழசு, விண்டோஸில் 60 ஹெர்ட்ஸ் என்று நின்றிருந்தது. இருபது நிமிட வேலை. ஆனால் அந்த இருபது நிமிடத்தில் என்ன பார்க்க வேண்டும் என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. பெட்டிக்குள் இருந்த கையேட்டில் ஸ்டாண்டை மாட்டும் படம் மட்டும்தான் இருந்தது. நான் ஏழு வருடமாக இரவில் வேலரண்ட்டும் கவுன்ட்டர் ஸ்ட்ரைக்கும் ஆடுகிறவள். மூன்று மானிட்டர் மாற்றிவிட்டேன். அன்று அவனுக்குச் செய்துகொடுத்ததை அதே வரிசையில் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பெட்டி. பிரிக்கும்போதே போனில் வீடியோ எடுங்கள். திரையில் விரிசலோ, நிறம் மாறாமல் நின்றுபோன செத்த புள்ளியோ இருந்தால் கடைக்காரரிடம் பேச அதுதான் சாட்சி. திரைப் பேனலை வெளியே எடுத்து நிறுத்திவைத்துக்கொண்டு ஸ்டாண்டைத் தேட வேண்டாம். தெர்மக்கோலிலேயே முகம் கீழே இருக்கும்படி விட்டு, பின்பக்கம் ஸ்டாண்டைப் பூட்டி, அதன் பிறகு ஸ்டாண்டின் கழுத்தைப் பிடித்துத் தூக்குங்கள். வளைந்த திரை என்றால் மேசைமேல் கவிழ்க்கவே கூடாது. நடுவில் தாங்கல் இல்லாமல் பாரம் ஓரங்களில் ஏறும். திரையின்மேல் கட்டைவிரலை அழுத்தித் தூக்கித்தான் பல பேனல்கள் முதல் நாளே போகின்றன.

பிளக் விஷயத்தில் தம்பிக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை, அது அவன் தொழில். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: எர்த் சரியாக உள்ள மூன்று துளை பாயிண்டில் போடுங்கள். சிபியு பெட்டியின் இரும்பைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறது என்றால் எர்த் இல்லை என்று அர்த்தம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சரிசெய்த பிறகு மானிட்டரை மாட்டினால் போதும்.

இப்போது கேபிள். தம்பியின் கம்ப்யூட்டரில் ரைசன் 5 5600ஜி பிராசஸர். திரைக்குப் படம் உருவாக்கித் தரும் கிராபிக்ஸ் அதற்குள்ளேயே உண்டு. ஒரு வருடம் அதிலேயே ஆடிவிட்டு, பிறகு என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டு வாங்கிப் போட்டிருக்கிறான். மானிட்டர் கேபிள் மட்டும் பழையபடி மதர்போர்டிலேயே இருந்திருக்கிறது. படம் வந்ததால் சந்தேகம் வரவில்லை. பெயரில் ஜி இல்லாத பல ரைசன்களிலும், எஃப் என்று முடியும் இன்டெல் பிராசஸர்களிலும் உள் கிராபிக்ஸ் கிடையாது. அவற்றில் இப்படித் தப்பாக மாட்டினால் திரை கறுப்பாகவே இருந்து காட்டிக்கொடுத்துவிடும். இவனுக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை.

கம்ப்யூட்டரின் பின்பக்கத்தைப் பாருங்கள். மேலே யூ.எஸ்.பி. துளைகளோடு கூட்டமாக இருப்பது மதர்போர்டின் பகுதி. கீழே தனியாக, படுக்கைவசமாக இருப்பதுதான் கிராபிக்ஸ் கார்டு. கேபிள் அங்கேதான் போக வேண்டும்.

அவன் போட்டிருந்தது டிவிக்கு வாங்கிய பழைய எச்.டி.எம்.ஐ. கேபிள். புது மானிட்டரோடு வந்த டிஸ்ப்ளே போர்ட் கேபிள் பெட்டிக்குள் கவர் பிரிக்காமல் கிடந்தது. எச்.டி.எம்.ஐ.யில் தலைமுறைகள் உண்டு. 1.4 என்றால் 1920 × 1080-இல் 120 ஹெர்ட்ஸ் வரை. 1440-க்குப் போனால் திணறும். 2.0 என்றால் 1440-இல் 144 வரை வரும். அவன் மானிட்டரிலேயே எச்.டி.எம்.ஐ. துளைக்கு 144, டிஸ்ப்ளே போர்ட்டுக்கு 165 என்று அளவு பிரித்துக் கொடுத்திருந்தார்கள். இந்த விலையில் வரும் மானிட்டர்கள் பலவற்றில் இதே கதைதான். கம்ப்யூட்டருக்கு டிஸ்ப்ளே போர்ட், பிளேஸ்டேஷன் இருந்தால் அதற்கு எச்.டி.எம்.ஐ. என்று வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்ப்ளே போர்ட் முனையில் சின்னக் கொக்கி இருக்கும். கழற்றும்போது மேலே உள்ள பொத்தானை அழுத்திக்கொண்டு இழுக்க வேண்டும். வெறுமனே பிடுங்கினால் துளையே பெயர்ந்துவிடும்.

அடுத்து விண்டோஸ். செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று உள்ளே போனால் ரெஃப்ரெஷ் ரேட், அதாவது ஹெர்ட்ஸ் அளவு, என்று ஒரு பெட்டி இருக்கும். அங்கே 165-ஐத் தேர்ந்தெடுங்கள். 165 பட்டியலிலேயே இல்லை என்றால் கேபிளோ துளையோ இன்னும் தப்பாக இருக்கிறது, திரும்பிப் போய்ப் பாருங்கள். என்விடியா கார்டில் எச்.டி.எம்.ஐ. வழியாக இணைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் வரும். கண்ட்ரோல் பேனலில் தெளிவுகளின் பட்டியல் இரண்டு பகுதியாக இருக்கும்: மேலே டிவிக்கானது, கீழே பிசி என்று போட்டது. மேல் பகுதியிலிருந்து எடுத்தால் 60-லேயே நிற்கலாம். கீழே உருட்டி, பிசி பகுதியில் எடுங்கள். அதே பக்கத்தில் டைனமிக் ரேஞ்ச் என்பது லிமிடெட் என்று இருந்தால் ஃபுல் என்று மாற்றிவிடுங்கள். புது மானிட்டரில் கறுப்பு சாம்பல் பூத்த மாதிரி தெரிகிறது என்று சொல்பவர்களில் பலருக்கு இதுதான் காரணம்.

மாற்றியதும் மவுஸை வேகமாக வட்டமாகச் சுற்றிப் பாருங்கள். 60 ஹெர்ட்ஸில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் 16.7 மில்லி செகண்ட். 165-இல் 6 மில்லி செகண்ட்தான். அம்புக்குறி விட்டுவிட்டுத் தெரிந்தது நெருக்கமாகிவிடும். தம்பி ஒரு நிமிடம் மவுஸை மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தான். சித்தி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னடா, ஆட்டம் ஆடாம எலிய சுத்திட்டிருக்க?" என்றார்.

ஆட்டத்துக்குள்ளும் தனியாக ஒரு செட்டிங் இருக்கலாம். ஃபுல் ஸ்கிரீனில் ஓடும் சில ஆட்டங்கள் பழைய ரெஃப்ரெஷ் ரேட்டையே பிடித்துக்கொண்டிருக்கும். வீடியோ பகுதியில் போய்ப் பார்த்துவிடுங்கள். எல்டன் ரிங் மாதிரி 60 எஃப்.பி.எஸ்.ஸில், அதாவது கம்ப்யூட்டர் நொடிக்கு 60 படம் மட்டுமே உருவாக்கும்படி, பூட்டப்பட்ட ஆட்டங்களும் உண்டு. அதில் போய் மானிட்டரைச் சோதித்துவிட்டு மனம் உடையாதீர்கள்.

இனி நான் மிகவும் முக்கியமாக நினைப்பது. தம்பியின் கார்டில் வேலரண்ட் நன்றாக ஓடும். பெரிய கதை ஆட்டங்கள் 1440-இல் 50, 60 எஃப்.பி.எஸ்.ஸைத் தாண்டவே மூச்சு வாங்கும். அப்படியானால் 165 ஹெர்ட்ஸ் வீணா? இல்லை. அடாப்டிவ் சிங்க் என்பது அதற்காகவே வந்தது. கார்டு ஒரு படத்தை முடிக்கும்வரை திரை காத்திருந்து, வந்ததும் காட்டும். அது இல்லாவிட்டால் பாதிப் படம் பழசு, பாதி புதுசு என்று திரை குறுக்கே கிழிந்த மாதிரி தெரியும். 2013-இல் என்விடியா ஜி-சிங்க் என்று தனிச் சில்லு வைத்து இதைக் கொண்டுவந்தது, அந்த மானிட்டர்கள் விலை அதிகம். 2015-இல் அதன் போட்டி நிறுவனமான ஏ.எம்.டி.யின் ஃப்ரீசிங்க் மானிட்டர்கள் வந்தன. 2019 ஜனவரியிலிருந்து என்விடியா கார்டுகளும் அந்த மானிட்டர்களோடு சேர்ந்து வேலைசெய்கின்றன. கார்டு ஜிடிஎக்ஸ் 10 வரிசை அல்லது அதற்குப் பிந்தியதாக இருந்து, டிஸ்ப்ளே போர்ட்டில் மாட்டியிருந்தால் போதும்.

இதை இரண்டு இடத்தில் இயக்க வேண்டும். மானிட்டரின் பொத்தான் மெனுவில் அடாப்டிவ் சிங்க் அல்லது ஃப்ரீசிங்க் என்பதை ஆன் செய்யுங்கள். பல மானிட்டர்கள் ஆஃப் நிலையில்தான் வருகின்றன. பிறகு என்விடியா கண்ட்ரோல் பேனலில் ஜி-சிங்க் பகுதியில் டிக் போடுங்கள். ஏ.எம்.டி. என்றால் அட்ரினலின் செயலியில் டிஸ்ப்ளே பக்கம். இதற்கு ஓர் எல்லை உண்டு. தம்பியின் மானிட்டரில் 48 முதல் 165 வரை. எஃப்.பி.எஸ். 40-க்கு இறங்கினால் ஒவ்வொரு படத்தையும் இரண்டு முறை காட்டி, 80-ஆக ஓட்டிச் சமாளிக்கும். மேல் எல்லையைத் தாண்டினால் பலன் போய்விடும். அதனால் எஃப்.பி.எஸ். வரம்பை மூன்று குறைத்து 162 என்று வைத்தேன். 144 ஹெர்ட்ஸ் என்றால் 141. போட்டி ஆட்டம் ஆடுபவர்களில் பலர் இதையெல்லாம் அணைத்துவிட்டு எஃப்.பி.எஸ்.ஸைத் திறந்துவிடுவார்கள். நான் அப்படி ஆடுவதில்லை. சீராக ஓடும் 162 என் கைக்கு ஒத்துவருகிறது.

அடுத்து ஓவர்டிரைவ். திரைப் புள்ளிகளை வேகமாக நிறம் மாறவைக்கும் செட்டிங் இது, மானிட்டர் மெனுவில் இருக்கும். பெட்டியில் 1 மில்லி செகண்ட் என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். புள்ளி ஒரு நிறத்திலிருந்து இன்னொரு நிறத்துக்கு மாற எடுக்கும் நேரம் அது. மெனுவில் உள்ள ஆகக் கடுமையான நிலையில் அளந்த கணக்கு. எல்ஜி இந்த ஓவர்டிரைவ் செட்டிங்கை ரெஸ்பான்ஸ் டைம் என்கிறது, ஏசுஸ் ட்ரேஸ் ஃப்ரீ என்கிறது, பென்க்யூவில் ஏ.எம்.ஏ. பெயரைப் பார்த்துவிட்டு எல்லாரும் ஆகக் கடைசி நிலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். அங்கே புள்ளி போக வேண்டிய நிறத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி வரும். ஓடும் உருவத்துக்குப் பின்னால் வெளிறிய ஒளிவட்டம் இழுபடும். குறைவாக வைத்தால் மங்கலான வால். டெஸ்ட் யூஎஃப்ஓ என்ற தளத்தில் பறக்கும் தட்டு இடமிருந்து வலமாக ஓடும்; அதைக் கண்ணால் பின்தொடர்ந்துகொண்டே ஒவ்வொரு நிலையாக மாற்றிப் பாருங்கள். கிட்டத்தட்ட எப்போதும் நடுநிலைதான் ஜெயிக்கும். எஃப்.பி.எஸ். குறைவாக ஓடும் ஆட்டங்களில் அதே ஓவர்டிரைவ் அதிகமாகிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். தம்பி நூற்பாலைக்காரன். "நூல் இழுவை மாதிரிதான்க்கா, அதிகமா இழுத்தா அறுந்துரும்" என்றான். சரியாகப் பிடித்துவிட்டான்.

வெளிச்சம். கடையிலிருந்து வரும்போது பெரும்பாலும் கண்ணைக் கூசவைக்கும் அளவில்தான் வைத்திருப்பார்கள். ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடியுங்கள். அறை வெளிச்சத்தில் தாள் எவ்வளவு வெள்ளையோ, திரையின் வெள்ளையும் அந்த அளவுக்கு வரும்வரை குறைத்துக்கொண்டே வாருங்கள். இரவில் ஆடுபவர்கள் விளக்கை முழுதாக அணைக்காதீர்கள், திரைக்குப் பின்னால் சுவரில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும். கண் எரிச்சல் எனக்குப் பாதியாகக் குறைந்தது அதில்தான். கேமிங் மோடு என்று மெனுவில் இருக்கும் நிறக்கலவைகளை விட்டுவிடுங்கள், யூசர் அல்லது கஸ்டம் போதும். எச்.டி.ஆர். என்பது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டிக் காட்டும் வசதி. எச்.டி.ஆர். 400 என்ற முத்திரையோடு வரும் மலிவு மானிட்டரில் எச்.டி.ஆர்.ஐ ஆஃப் செய்தே வையுங்கள். திரையின் பகுதிகளைத் தனித்தனியாக மங்கவைக்க அவற்றால் பெரும்பாலும் முடியாது, படம் வெளிறிப்போகும்.

செத்த புள்ளிச் சோதனையைத் திருப்பித் தரும் நாள் முடியும் முன்பே செய்யுங்கள். சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை, கறுப்பு என்று ஒவ்வொரு நிறத்தையும் திரை முழுக்க நிரப்பிப் பாருங்கள். ஐ.பி.எஸ். என்ற வகைத் திரையில் கறுப்பில் மூலைகள் லேசாக ஒளிரும். தலையை நகர்த்தினால் அந்த ஒளியும் நகர்ந்தால் அது இயல்பு. நகராமல் ஓரிடத்தில் கசிந்துகொண்டே இருந்தால் கடைக்குச் சொல்லுங்கள்.

உட்காரும் தூரம் ஒரு கை நீளம். திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்துக்கு, அல்லது கொஞ்சம் கீழே. தம்பி வீட்டில் மேசை ஜன்னலுக்கு எதிரே இருந்தது. மதியம் பாதித் திரையில் தெருதான் தெரிந்தது. ஜன்னல் பக்கவாட்டில் வரும்படி நானும் சித்தியும் சேர்ந்து மேசையைத் திருப்பிப் போட்டோம். எதிர்ச்சுவரில் டியூப்லைட் இருந்தாலும் இதே தொல்லைதான்.

பஞ்சுத் தூசியும் ஃபேன் தூசியும் படியும் ஊர் அது. துடைக்க மெல்லிய மைக்ரோஃபைபர் துணி, தேவைப்பட்டால் துணியில் இரண்டு சொட்டுத் தண்ணீர். கண்ணாடி துடைக்கும் திரவத்தைத் திரையில் அடிக்கவே கூடாது, கண்கூச்சம் தடுக்கும் மேல்பூச்சு உரிந்துவிடும்.

கிளம்பும்போது தம்பியிடம் ஒன்று சொல்லிவைத்தேன்: கிராபிக்ஸ் கார்டின் டிரைவர் மென்பொருளைப் புதுப்பித்த பிறகோ, கேபிளைக் கழற்றி மாட்டிய பிறகோ ரெஃப்ரெஷ் ரேட் சத்தமில்லாமல் 60-க்கு இறங்கிவிடலாம். போன மாதம் போயிருந்தபோது பார்த்தேன். மானிட்டர் ஸ்டாண்டின் கழுத்தில் ஒரு துண்டு வெள்ளை டேப் ஒட்டி, மில்லில் மோட்டாருக்கு எழுதுகிற அதே கையெழுத்தில் எழுதியிருக்கிறான்: "கீழ் துளை. 165. வரம்பு 162."