கன்சல்டன்ட் வந்து போன பிறகும் கொம்பனி மாறாதது ஏன்?

ஏற்றுமதிக்கு மீன் பதனிடும் கொம்பனி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஹசப் (HACCP) எனப்படும் உணவுப் பாதுகாப்புச் சான்றிதழ் எடுக்கக் கொழும்பிலிருந்து ஆலோசகர் ஒருவர் வருகிறார். சில இலட்சம் செலவாகிறது, தடித்த பைல் ஒன்று கைக்கு வருகிறது, அது நேரே அலுமாரிக்குப் போகிறது. இனிக் குளிரறைக் கதவில் தொங்கும் வெப்பநிலைத் தாளைப் பாருங்கள். விடியற்காலையிலிருந்து இரவு வரை எல்லாக் கட்டத்திலும் ஒரே இலக்கம், ஒரே பேனா, ஒரே கையெழுத்து. பின்னேரம் யாரோ உட்கார்ந்து ஒரே மூச்சில் நிரப்பியிருக்கிறார். பரிசோதிக்க வருகிறவர்களுக்கு இது ஒரு பார்வையிலேயே விளங்கிவிடும்.

சூரை மீன் ஐஸ் இல்லாமல் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற நச்சுப் பொருள் உருவாகும். உருவான பிறகு உறைய வைத்தாலும் போகாது, சமைத்தாலும் போகாது. வெப்பநிலையை அடிக்கடி எழுதச் சொல்வது அதற்காகத்தான். ஆலோசகர் இதை முதலாளிக்குச் சொல்லியிருப்பார். திருகோணமலை கொட்பே துறைமுகத்தில் மீன் இறக்கும் பெடியனுக்கு யார் சொன்னது?

நான் பார்த்த அளவில் எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான்: நிபுணரோடு கூட நின்று வேலையைப் பிடித்துக்கொள்ள உள்ளே ஒருவரை விடாதது. கோஹன், லெவிந்தால் என்ற இரு ஆய்வாளர்கள் 1990 இலேயே இதை எழுதிவிட்டார்கள். வெளியிலிருந்து வரும் அறிவு பயன்பட வேண்டுமானால், அதை அடையாளம் கண்டு உள்வாங்கும் அளவுக்கு நிறுவனத்துக்குள்ளேயும் கொஞ்சம் அறிவு இருக்க வேண்டும். எனவே உங்கள் மேற்பார்வையாளரை இரண்டு கிழமைக்கு வேறு வேலை எதுவும் கொடுக்காமல் ஆலோசகரோடு விடுங்கள். சம்பளம் வீண் என்று தோன்றும். பைலுக்குக் கொடுத்த காசை விட அது மலிவு.

சரி, ஒருவருக்குப் பதிலாக நான்கு பேரைக் கூப்பிட்டால்? லார்சனும் சால்டரும் பிரித்தானிய உற்பத்தி நிறுவனங்களை ஆராய்ந்து 2006 இல் வெளியிட்ட முடிவு இது: யோசனை எடுக்கும் வெளி மூலங்கள் கூடக் கூடப் புத்தாக்கம் ஏறுகிறது, ஓர் அளவைத் தாண்டினால் இறங்கத் தொடங்குகிறது. சொல்கிறவர்கள் நிறைய, கேட்டுச் செய்யக்கூடியவர்கள் அதே இரண்டு பேர். சின்ன கொம்பனிகளில் இந்த அளவு இன்னும் சீக்கிரம் வந்துவிடும் என்பது என் கணிப்பு.

அடுத்தது, வேறு ஊருக்குத் தைத்த சட்டையை வாங்கிப் போடுவது. தெற்கே ஹிக்கடுவையில் சுற்றுலா சீசன் கார்த்திகை, மார்கழியில் தொடங்கும். அந்த நேரம் இங்கே திருகோணமலை நிலாவெளியில் வடகீழ்ப் பருவமழை, கடல் கொந்தளிப்பு, புறாத் தீவுக்குப் படகே ஓடாது. நமக்கு வைகாசி முதல் புரட்டாதி வரைதான் ஆட்கள். இது தெரியாமல் தெற்கு ஹோட்டலின் விலைத் திட்டத்தைப் பெயர் மாற்றிக் கொண்டுவருகிறவரிடம், 'இங்கே மழை எப்போது?' என்று கேட்டாலே போதும்.

'வியாபாரம் படுத்துவிட்டது, வந்து பாருங்கள்' என்று மொட்டையாக அழைப்பதும் வேண்டாம். ஐஸ் செலவு கூடிவிட்டதா, வாங்குபவர் சரக்கைத் திருப்பி அனுப்புகிறாரா? அதைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். இணையத்தளம், முன்பதிவுக் கணக்கு, பேஸ்புக் பக்கம் எல்லாம் ஆலோசகரின் சொந்த மின்னஞ்சலில் திறக்கப்பட்டு, பிறகு கடவுச்சொல்லுக்காக அவர் பின்னால் அலைவது இங்கே வழக்கமாகிவிட்டது. முற்பணம் கொடுக்கும் முன்பே எல்லாவற்றையும் கொம்பனி மின்னஞ்சலில் திறக்கச் சொல்லி ஒப்பந்தத்தில் எழுதுங்கள். 'தெரிந்த தம்பிதானே' என்றாலும் எழுதுங்கள்.