ஸ்டீராய்டு களிம்பு: எவ்வளவு, எங்கே, எத்தனை நாள்

டியூபைத் திறப்பதற்கு முன், அதில் பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் படியுங்கள். ஹைட்ரோகார்ட்டிசோன் 1 சதவீதம் மென்மையானது. மொமெட்டாசோன் 0.1, பீட்டாமெத்தாசோன் வேலரேட் 0.1 இரண்டும் வீரியமானவை. குளோபீட்டசால் 0.05 மிக மிக வீரியமானது. எண் சிறியதாக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். வீரியம் மருந்தில் இருக்கிறது, சதவீதத்தில் இல்லை.

அளவுக்கு விரலே போதும். பெரியவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்புக் கோடு வரை களிம்பைப் பிதுக்கினால் சுமார் அரை கிராம் வரும். இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு, விரல்களையும் சேர்த்து, அது போதும். மணிக்கட்டு வரை ஒரு கைக்கு மூன்று விரல்நுனி, பாதம் நீங்கலாக ஒரு காலுக்கு ஆறு, முகமும் கழுத்தும் சேர்த்து இரண்டரை. குழந்தைக்கும் பெரியவரின் விரலால்தான் அளக்க வேண்டும், ஆனால் அதன் உடம்பு சிறியது என்பதால் தேவை இதைவிடக் குறைவு. பயந்து பயந்து பொட்டு வைப்பதுபோல் தடவுகிறவர்களும் உண்டு. அப்படித் தடவினால் நோய் அடங்காது, நாள்தான் நீளும்.

கையைக் கழுவி, இடத்தை ஒற்றித் துடைத்துவிட்டு, களிம்பைப் புள்ளிபுள்ளியாக வைத்து, முடி வளரும் திசையிலேயே மெல்லப் பரப்புங்கள். லேசாக மினுங்கினால் போதும், வெள்ளையாகப் படிந்து நிற்க வேண்டியதில்லை. மாய்ஸ்சரைசர் போடுவதாக இருந்தால் இரண்டுக்கும் நடுவே அரை மணி நேரம் விடுங்கள். உடனே பூசினால் மருந்து நீர்த்து, தேவையில்லாத இடத்துக்கும் பரவும். பூசிய கையை மறுபடி கழுவுங்கள்; அந்தக் கையோடு கண்ணைக் கசக்கக் கூடாது. ஒரு வேளை மறந்துபோனால் அடுத்த வேளை இரட்டிப்பாகப் பூச வேண்டாம்.

அதிகம் தவறு நடப்பது இடத்தில்தான். முன்கைத் தோலோடு ஒப்பிட்டால் விதைப்பைத் தோல் ஹைட்ரோகார்ட்டிசோனை ஏறத்தாழ 40 மடங்கு உறிஞ்சும். உள்ளங்காலோ ஏழில் ஒரு பங்குதான். முழங்கைக்கு எழுதித் தந்த குளோபீட்டசாலை முகத்திலோ அக்குளிலோ தொடை இடுக்கிலோ தடவினால் என்ன ஆகும் என்பது இதிலேயே தெரிகிறது. தோல் மெலியும், உள்ளே சிவப்பு ரத்தக் குழாய்கள் நூல்நூலாகத் தெரியும், வாயைச் சுற்றிச் சிறு பருக்கள் கிளம்பும். அக்குளிலும் தொடையிலும் விழும் வரிகள் பிறகு மங்கும், மறையாது. இமையில் நீண்ட நாள் போட்டால் கண் அழுத்தம் ஏறலாம், புரையும் விழலாம். பிளாஸ்டிக் உறை, இறுக்கக் கட்டு, குழந்தையின் டயப்பர் எல்லாமே மூடிவைத்து மருந்தை உள்ளே தள்ளும். மருத்துவர் சொல்லாமல் மூடிக் கட்டாதீர்கள்.

குளோபீட்டசாலுக்கு வாரத்துக்கு 50 கிராம், தொடர்ந்து இரண்டு வாரம் என்பது மேல்வரம்பு. அதற்கு மேல் போனால் ரத்தத்தில் கலந்து, உடம்புக்குத் தேவையான ஸ்டீராய்டை இயல்பாகவே சுரக்கும் அட்ரீனல் சுரப்பியின் வேலையைக் குறைக்கலாம். மாதக்கணக்கில் பூசியதைச் சட்டென நிறுத்தினால் தோல் முன்பைவிடச் சிவந்து தீயாய் எரியக்கூடும். அப்போது பழைய டியூபை நீங்களாகவே மறுபடி தொடங்காமல், எப்படிப் படிப்படியாகக் குறைப்பது என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

இன்னொன்று படர்தாமரை என்கிற பூஞ்சைத் தொற்று. ஸ்டீராய்டு பட்டதும் அரிப்பும் சிவப்பும் அடங்கிவிடும். பூஞ்சை மட்டும் உள்ளே தாராளமாகப் பரவும். வட்ட விளிம்பு கலைந்து, தோல் மருத்துவரே ஒரு கணம் குழம்பும் அளவுக்கு உருமாறும். அரிப்பு நின்றது நோய் போனதற்கு அடையாளம் அல்ல. பூசப் பூச ஓரம் அகன்றுகொண்டே போனால் களிம்பை நிறுத்திவிட்டுக் காட்டுங்கள். போகும்போது டியூபையும் எடுத்துப் போங்கள்: எதை, எத்தனை நாள், எந்த இடத்தில் போட்டீர்கள் என்று தெரிந்தால்தான் தோலைச் சுரண்டிச் சோதிப்பதா என்பதை மருத்துவர் முடிவுசெய்ய முடியும்.