ஆள் போயாச்சு, தபால் நிற்கவில்லை: பழைய குடியிருப்பாளர் கடிதங்களில் பலரும் செய்யும் தவறுகள்

புது வீட்டில் சாமான்களைப் பிரித்து அடுக்கி முடிப்பதற்குள் முதல் கடிதம் வந்துவிடும், உங்களுக்கு முன் குடியிருந்தவர் பெயரில். முதலில் ஒன்றிரண்டுதானே என்று அலமாரி மேல் வைப்போம். அடுத்த மாதம் வங்கி, காப்பீடு, வரி அலுவலகம், மருத்துவமனை என்று வரிசை கட்டும். அதற்கடுத்த மாதம் பொறுமை போய், வருவதைக் கிழித்துப் போட ஆரம்பிப்போம்.

இந்த விஷயத்தில் நடக்கும் தவறுகள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் பிறக்கின்றன. வந்த கடிதத்தை என்ன செய்வது என்று யோசிக்கிறோமே தவிர, ஆள் மாறிவிட்ட செய்தி அனுப்பியவருக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பதில்லை. அது போய்ச் சேராதவரை அவர்களுடைய கணினி அதே பெயரை அதே முகவரிக்கு அச்சடித்துத் தள்ளிக்கொண்டேதான் இருக்கும்.

“நம்ம வீட்டுக்குத்தானே வந்திருக்கு” என்று பிரிப்பது

தபால்காரர் பொதுவாக முகவரியைப் பார்த்துத்தான் போடுகிறார். உங்கள் பெட்டியில் விழுந்த ஒரே காரணத்தால் அது உங்கள் கடிதம் ஆகிவிடாது. பிரிட்டனில் 2000ஆம் ஆண்டின் அஞ்சல் சேவைச் சட்டம், 84ஆவது பிரிவு, இதை நேராகவே சொல்கிறது: தவறாக வந்த தபால் என்று தெரிந்தும், ஒருவருக்குக் கெடுதல் செய்யும் எண்ணத்தோடு, தக்க காரணமில்லாமல் பிரித்தால் குற்றம். ஆறு மாதம் வரை சிறை உண்டு. அமெரிக்கச் சட்டம் இன்னும் கடுமை. உரியவரிடம் சேராத தபாலை எடுத்து அவருடைய அந்தரங்கத்தைத் துருவினாலோ, ஒளித்து வைத்தாலோ, அழித்தாலோ ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்க இடமிருக்கிறது.

நம்முடைய கடிதங்களோடு சேர்த்து அவசரத்தில் கிழித்துவிடுவது வேறு கதை. பயப்பட ஒன்றுமில்லை. படிக்காமல் உள்ளே திணித்து, டேப் ஒட்டி, “தவறுதலாகப் பிரிக்கப்பட்டது” என்று மேலே எழுதித் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

சிலர் யார் அனுப்பியது என்று பார்ப்பதற்காகவே பிரிக்கிறார்கள். அதற்கு அவசியமே இல்லை. உறையைத் திருப்பிப் பாருங்கள். மூடியின் மேலோ கீழ் ஓரத்திலோ பொடி எழுத்தில் “விநியோகிக்க இயலாவிட்டால் திருப்பி அனுப்ப வேண்டிய முகவரி” என்று ஒன்று பெரும்பாலும் இருக்கும். நமக்கு வேண்டியது அந்த ஒரு வரிதான்.

குப்பைக் கூடையும் மேஜை இழுப்பறையும்

கிழித்துப் போடுவது சுலபம், ஆனால் அதனால் அடுத்த கடிதம் நிற்காது. தவிர, வங்கி உறைக்குள் புது கார்டு இருக்கலாம், கணக்கு எண் இருக்கலாம். முழுசாகக் குப்பைக்குப் போனால் வேறு யார் கைக்கும் போகும்.

இழுப்பறையில் சேர்த்து வைப்பவர்கள் நல்லெண்ணத்தில்தான் செய்கிறார்கள்: “வந்தால் மொத்தமாகக் கொடுத்துவிடலாம்.” அவர் வருவதே இல்லை. அந்தக் கட்டுக்குள் நீதிமன்றத் தேதியோ, மருத்துவப் பரிசோதனைக்கு வரச்சொன்ன கடிதமோ இருந்திருந்தால் நாள் கடந்து போயிருக்கும். என்னைக் கேட்டால் கிழித்துப் போடுவதைவிட இதுதான் மோசம். உடனே திருப்பியிருந்தால், ஆள் கிடைக்கவில்லை என்று தெரிந்து அனுப்பியவர் போனிலோ மின்னஞ்சலிலோ அவரைப் பிடித்திருப்பார்.

விளம்பரத் தாள்களுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம். “குடியிருப்பவருக்கு” என்று பொதுவாக வருவது உங்களுக்கு வந்ததுதான், தாராளமாகத் தூக்கிப் போடலாம். பெயர் போட்ட மொத்த விளம்பரத்தையும் பல நாடுகளில் தபால் துறை அனுப்பியவருக்குத் திருப்புவதில்லை, அங்கேயே கழித்துவிடும்.

எழுதியும் அதே கடிதம் திரும்பி வருவது ஏன்?

“இவர் இங்கே இல்லை” என்று எழுதித் தபால் பெட்டியில் போட்டும் இரண்டு நாளில் அதே உறை திரும்பி வந்து நிற்கும். தபால்காரரைத் திட்டத் தோன்றும். பல நேரம் அவர் மேல் தவறு இருக்காது. உறையின் கீழ் ஓரத்தில் பொடிப் பொடிக் கோடுகளாக ஒரு பார்கோடு இருக்கிறதா பாருங்கள். கடிதங்களை முகவரிவாரியாகப் பிரிக்கும் இயந்திரம் அதைத்தான் படிக்கிறது. நீங்கள் எழுதியதை அது கண்டுகொள்ளாது. கோடு உங்கள் வீட்டைக் காட்டுகிறவரை கடிதம் உங்கள் வீட்டுக்கேதான் வரும்.

ஆகவே அந்தக் கோட்டைத் தடித்த பேனாவால் அடித்துவிடுங்கள். முகவரியின் மேல் குறுக்காக ஒரே ஒரு கோடு போதும், பெயர் தெரிய வேண்டும். பக்கத்தில் பெரிய எழுத்தில் “வீடு காலி செய்துவிட்டார், அனுப்பியவருக்குத் திருப்பவும்” என்று எழுதுங்கள். பெயரையும் சேர்த்துக் கறுப்படித்துவிடுபவர்கள் உண்டு. அப்புறம் யாருடைய பெயரைப் பட்டியலிலிருந்து எடுப்பது என்று அந்த நிறுவனத்துக்கு எப்படித் தெரியும்?

அவருடைய புது முகவரி உங்களுக்குத் தெரியாவிட்டால் யூகித்து எழுத வேண்டாம். அவருக்கு உதவுவதாக நினைத்து, அவர் பெயரில் முகவரி மாற்ற விண்ணப்பம் கொடுக்கவும் கூடாது. அதை அவரோ அவர் அதிகாரம் கொடுத்தவரோதான் செய்ய முடியும். வேறு யார் செய்தாலும் மோசடிக் கணக்கில் சேரும்.

இன்னொரு குழப்பம்: குடிவந்து ஓராண்டு அமைதியாக இருந்துவிட்டுத் திடீரென்று பழையவர் தபால் குவியும். அவர் போகும்போது தபாலைப் புது முகவரிக்குத் திருப்ப ஏற்பாடு செய்திருப்பார், அதன் காலம் முடிந்திருக்கும். அமெரிக்காவில் சாதாரணக் கடிதங்களுக்கு அது 12 மாதம். பணம் கட்டினால்தான் நீளும். பிரிட்டனில் 3, 6, 12 மாதம் என்று வாங்கிப் புதுப்பித்துக்கொள்ளலாம். பழைய ஏற்பாடு தீர்ந்துபோனதற்கு நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது, முதல் கடிதத்திலிருந்தே திருப்ப ஆரம்பிக்க வேண்டியதுதான்.

கையெழுத்துப் போட்டு வாங்குவது

இதுதான் எனக்குக் கவலை தரும் தவறு. பதிவுத் தபால் வருகிறது, தபால்காரர் அவசரத்தில் இருக்கிறார், “யாராவது ஒருத்தர் கையெழுத்துப் போடுங்க” என்கிறார். நாமும் போட்டுவிடுகிறோம். சாதாரணக் கடிதம் பெட்டியில் விழுவது வேறு, கையெழுத்துப் போட்டு வாங்குவது வேறு. உங்கள் கையெழுத்தோடு ஒப்புகை அட்டை அனுப்பியவருக்குத் திரும்பிப் போகிறது. அவர் கையில் அது ஓர் ஆதாரம்.

இந்தியாவில் செக் திரும்பிய விவகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் பணம் கட்டாவிட்டால் வழக்குப் போடலாம். 1897ஆம் ஆண்டின் ஜெனரல் கிளாசஸ் சட்டப்படி, சரியான முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியது போய்ச் சேர்ந்ததாகவே அனுமானிக்கப்படும், இல்லையென்று நிரூபிக்கும் வரை. உங்கள் கையெழுத்தைக் காட்டி அந்த 15 நாள் ஓடத் தொடங்கிவிட்டது என்று எதிர்த்தரப்பு வாதிடும். உரியவருக்கோ அப்படி ஒரு நோட்டீஸ் வந்ததே தெரியாது. “அவர் இங்கே இல்லை, வீட்டை விட்டுப் போய்விட்டார்” என்று சொல்லி, அப்படியே குறித்துத் திருப்பச் சொல்லுங்கள்.

கூரியரிலும் இதேதான். வாங்கிவிட்டால், தபால் பெட்டியில் போட்டுத் தப்பிக்க முடியாது. அந்த கூரியர் நிறுவனத்தையே கூப்பிட்டு எடுத்துப்போகச் சொல்ல வேண்டும்.

கடன் வசூல் கடிதங்கள்

சிவப்பு எழுத்தில் “இறுதி எச்சரிக்கை” என்று பார்த்ததும் சிலர் நடுங்கிவிடுகிறார்கள், சிலர் தூக்கிப் போடுகிறார்கள். கடன் அதை வாங்கிய ஆளைத்தான் சேரும், அவர் குடியிருந்த வீட்டைச் சேராது. நீங்கள் ஜாமீன் கையெழுத்துப் போடாதவரை அதில் உங்களுக்குப் பங்கில்லை. ஆனால் பதிலே போகாவிட்டால் அடுத்து வாசலுக்கு ஆள் வரலாம். வருபவர் கையில் உங்கள் கதவு எண் இருக்கும்.

இங்கே கடிதத்தைத் திருப்புவதோடு நிறுத்தாமல் ஒருமுறை பேசிவிடுவது நல்லது. கூப்பிட்டால் மறுமுனையில் நைசாக உங்கள் முழுப்பெயர், பிறந்த தேதி, போன் எண் கேட்பார்கள். கொடுக்கத் தேவையில்லை. “அவர் இங்கே இல்லை, நான் புதிதாகக் குடிவந்தவர், கடித எண் இது” என்றால் போதும். யாராவது நேரில் வந்துவிட்டால் வாடகை ஒப்பந்தம் அல்லது வீட்டுப் பத்திரத்தைக் காட்டி, உங்களுக்குச் சம்பந்தமில்லை என்று எழுத்தில் பதிய வையுங்கள்.

முன்பின் தெரியாதவரிடம் நீட்டுவது

“இங்கே முன்னாடி இருந்தவரோட தம்பி நான், அவருக்கு ஏதாவது தபால் வந்திருக்கா?” என்று ஒருவர் வந்து நின்றால், பிரச்சினை ஒழிந்தது என்று கட்டைத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். காலியான, ஆள் மாறிய வீடுகளின் முகவரியைக் கொடுத்துப் புது கார்டு வரவழைப்பது மோசடிக்காரர்களின் பழைய உத்தி. வீட்டு உரிமையாளர் வழியாகப் பழைய குடியிருப்பாளரிடமே கேட்டு உறுதி செய்யுங்கள். அதேபோல் அவருடைய புது முகவரி உங்களுக்குத் தெரிந்தாலும், கேட்கிற எல்லோருக்கும் சொல்ல வேண்டாம். அவர் யாரிடமிருந்து விலகிப் போயிருக்கிறார் என்று நமக்குத் தெரியாது.

அந்த வீட்டில் இருந்தே இராத ஆட்கள் பெயரில், ஒன்றுக்குப் பின் ஒன்றாக வங்கிக் கடிதமோ கடன் அட்டையோ வந்தால் உஷாராகுங்கள். பழைய குடியிருப்பாளர் யார் யார் என்று வீட்டு உரிமையாளரிடம் கேட்டு, அந்தப் பெயர்கள் அவர்களில் இல்லையென்றால், யாரோ உங்கள் முகவரியைப் பயன்படுத்துகிறார்கள் என்று சந்தேகிக்க இடமுண்டு. அந்த வங்கிக்கும், தேவைப்பட்டால் காவல்துறைக்கும் சொல்லுங்கள். உறைகளைத் திருப்பும் முன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

பழையவர் இறந்துவிட்டார் என்று உறுதியாகத் தெரிந்தால் “காலமாகிவிட்டார்” என்றே உறையில் எழுதித் திருப்பலாம். வங்கியும் ஓய்வூதிய அலுவலகமும் அதை வேறு விதமாகக் கையாளும். அக்கம்பக்கத்தில் கேள்விப்பட்டது மட்டும்தான் என்றால் அந்தச் சொல்லை எழுதாதீர்கள். உயிரோடு இருப்பவருடைய கணக்கு முடங்கினால் அதைச் சரிசெய்ய அவர் படாத பாடு படுவார். அப்போது “இங்கே இல்லை” என்பதே போதும்.